கப்பலில் வீட்டுச் சாமான் அனுப்புகிறோம்: பெட்டியின் மேல் என்னதான் எழுதுவது?

நூல்கண்டு:

வணக்கம். வேலை மாற்றத்தால் குடும்பத்தோடு வெளிநாடு போகிறோம். பெரிய சாமான்கள் அதிகம் இல்லை. தையல் மெஷின், வாஷிங் மெஷின், கழற்றி மாட்டும் புத்தக அலமாரி ஒன்று, நிறையப் புத்தகங்கள், பாத்திரங்கள், பீங்கான் தட்டுகள், துணிமணி, மகனின் சைக்கிள். முழு கன்டெய்னர் தேவைப்படாது, வேறு சிலருடைய சாமான்களோடு சேர்த்து ஏற்றிவிடலாம் என்று சரக்கு முகவர் சொல்லியிருக்கிறார். பீங்கான், கண்ணாடி, மெஷின்களை அவருடைய ஆட்கள் வந்து கட்டுவார்கள். மற்றவற்றை நாங்களே கட்டிக்கொண்டால் செலவு குறையுமாம்.

கட்டுவதில் எனக்குப் பெரிய பயம் இல்லை. எழுதுவதில்தான் வீட்டில் சண்டை. உள்ளே இருப்பதை எல்லாம் பெட்டியின் மேலேயே எழுத வேண்டும் என்கிறார் என் கணவர். ஒன்றுமே எழுதாதே, எழுதினால் திருடுபவனுக்கு நாமே வழிகாட்டிய மாதிரி என்கிறார் நாத்தனார். முகவர் தந்த படிவத்தில் எண், உள்ளே இருப்பவை, மதிப்பு என்று மூன்றே கட்டங்கள். எண்ணைப் பெட்டியில் எங்கே எழுதுவது, விலாசம் பழைய வீட்டுடையதா புது வீட்டுடையதா, மதிப்பு என்றால் வாங்கிய விலையா இன்றைய விலையா? அனுப்பிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.

பச்சைக்குதிரை:

அறைக்கு ஒரு நிற டேப் வாங்கிவிடுங்கள். சமையலறைக்குச் சிவப்பு, படுக்கையறைக்கு நீலம், இப்படி. புது வீட்டில் இறக்குகிறவர்களுக்கு உங்கள் மொழி தெரிய வேண்டிய அவசியமே இல்லை, அறைக் கதவில் அதே நிற டேப்பைக் கிழித்து ஒட்டினால் போதும். கலர் காகிதம் மட்டும் ஒட்டாதீர்கள், பாதி வழியிலேயே உரிந்துவிடும்.

பழைய கிடங்கு:

நான் முதலில் பேக்கிங் கம்பெனியில் இருந்தேன், அப்புறம் பல வருடம் கன்டெய்னரைப் பிரித்து இறக்கும் கிடங்கில். அதனால் உங்கள் பெட்டியை நீங்கள் பார்க்கிற பக்கத்திலிருந்து இல்லாமல், அதைத் தூக்குகிறவன் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

உங்கள் கணவர், நாத்தனார் இருவர் சொல்வதிலும் பாதி சரி. உள்ளே இருப்பதை முழுக்க எழுதத்தான் வேண்டும், ஆனால் அது பட்டியலில். பெட்டியின் மேல் எண்தான் முக்கியம். பல பேர் சாமான் ஒரே கன்டெய்னரில் வரும்போது, இறக்கும் இடத்தில் எது யாருடையது என்று பிரிப்பது அந்த எண்ணையும் பெயரையும் பார்த்துத்தான். அங்கே நிற்கிற பையன் கையில் ஒரு தாள் இருக்கும். "இந்தப் பெயரில் 32 உருப்படி" என்று இருந்தால் 32 எண்ணுவான். 31தான் வந்தால் எழுதி வைப்பான். பெட்டியின் மேல் "அம்மாவின் குத்துவிளக்கு, கவனம்" என்று எழுதியிருந்தால் அவனுக்கு எந்தப் பயனும் இல்லை. வேறு யாருக்காவது பயன்படலாம்.

எனவே பெட்டியில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், முகவர் தரும் குறிப்பு எண், போய்ச் சேரும் துறைமுகம் அல்லது நகரம், பெட்டி எண். விலாசம் புது ஊருடையதுதான். வீடு இன்னும் அமையவில்லை என்றால் அங்குள்ள முகவரின் விலாசம். தொலைபேசி எண் போட்டால் அங்கே வேலை செய்யும் எண்ணாக இருக்கட்டும். ஊரை விட்டுப் புறப்பட்டதும் நிறுத்திவிடும் சிம் எண்ணை எத்தனை பெட்டியில் பார்த்திருக்கிறேன் தெரியுமா!

எண்ணை எழுதும் இடம். அடுத்தடுத்த இரண்டு பக்கங்களில் எழுதுங்கள், மூன்றாவதாக மேலேயும். மேலே மட்டும் எழுதினால், அதன் மேல் இன்னொரு பெட்டி ஏறியதும் அந்த எண் இல்லாததற்குச் சமம். எதிரெதிர்ப் பக்கங்களில் எழுதினால் அடுக்கி வைக்கும்போது இரண்டுமே மறைந்துபோக வாய்ப்பு உண்டு. மூடி சேரும் கோட்டின் மேல் எழுத வேண்டாம். சுங்கத்தில் திறந்து பார்த்தால் கத்தி போகிற இடம் அதுதான், புது டேப் ஒட்டினால் எண் அதற்கு அடியில் போய்விடும். தடித்த பெர்மனன்ட் மார்க்கரால் அட்டையிலேயே எழுதிவிட்டு, லேபிளைத் தனியாக ஒட்டுங்கள். லேபிள் போனாலும் எழுத்து இருக்கும். பெயர், எண், போன் நம்பர் எழுதிய ஒரு தாளைப் பெட்டிக்குள்ளும் மேலாகப் போட்டு மூடுங்கள். வெளி அட்டை நைந்துபோய் வேறு பெட்டிக்கு மாற்றும்போது அந்தத் தாள்தான் உங்களைக் காப்பாற்றும்.

மொத்த எண்ணிக்கையை, அதாவது 7/32 என்பதில் வரும் 32ஐ, கடைசிப் பெட்டி மூடும் வரை எழுதாதீர்கள். கடைசி நாளில் ஒரு பெட்டி கூடும், எல்லார் வீட்டிலும் கூடும். அப்போது அதற்கு "7ஏ" என்று பெயர் வைக்காதீர்கள், 33 என்றே போடுங்கள். கப்பல் ரசீதில், அதாவது பில் ஆஃப் லேடிங்கில், உருப்படி எண்ணிக்கை ஒன்றாகவும் தரையில் இருப்பது வேறாகவும் இருந்தால் சுங்கத்தில் கேள்வி வரும். பெட்டி மட்டும் உருப்படி இல்லை என்பதையும் கவனியுங்கள். அலமாரிப் பலகைகளை இரண்டு கட்டாகக் கட்டினால் அவை இரண்டு உருப்படிகள். ஒவ்வொன்றுக்கும் எண் வேண்டும்.

பழைய பெட்டியைத் திரும்பப் பயன்படுத்தினால் அதிலுள்ள பழைய விலாசம், பார்கோடு எல்லாவற்றையும் கறுப்பாக அடியுங்கள். பழம், காய்கறி வந்த பெட்டிகள் வேண்டவே வேண்டாம். பூச்சி, மண் இருக்கிறதா என்று பார்க்கும் தாவரச் சோதனையில் (குவாரன்டைன்) தகராறு வரும், தவிர அவை பலமில்லாதவை. கப்பலுக்கு ஐந்து பிளை அட்டைப் பெட்டிதான் வாங்க வேண்டும். புத்தகங்களைச் சின்னப் பெட்டியில் போடுங்கள். ஒரு ஆள் தனியாகத் தூக்க முடியாத பெட்டியைத் தூக்க மாட்டார்கள், உருட்டுவார்கள்.

கண்ணாடிக் கோப்பை, மேல் நோக்கிய அம்பு, குடை, இந்தப் படங்களுக்கு ஐஎஸ்ஓ 780 என்று சர்வதேசத் தரமே இருக்கிறது. எழுத்துத் தெரியாதவனுக்கும் புரியும். ஆனால் எல்லாப் பெட்டியிலும் கண்ணாடிப் படம் ஒட்டினால் எதற்குமே மரியாதை இருக்காது. தலையணைப் பெட்டியிலும் அந்தப் படத்தைப் பார்த்தவன் பீங்கான் பெட்டியில் இருப்பதை நம்ப மாட்டான். உண்மையில் தேவைப்படுவதற்கு மட்டும் ஒட்டுங்கள். ஒட்டிவிட்டோம் என்று நிம்மதியாகவும் இருக்காதீர்கள், பக்கவாட்டில் சாய்த்தாலும் தாங்குகிற மாதிரி கட்டுங்கள். உள்ளே வெற்றிடம் இருந்தால் மேலே சுமை ஏறியதும் பெட்டி அமுங்கும். பங்குக் கன்டெய்னரில் கட்டணம் கன மீட்டர் கணக்கில் என்பதால் அந்தக் காற்றுக்கும் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள். 60க்கு 40க்கு 40 சென்டிமீட்டர் பெட்டி பத்து வைத்தால் ஏறக்குறைய ஒரு கன மீட்டர், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பட்டியல் பற்றி இரவு எழுதுகிறேன், அதுதான் பெரிய கதை.

ஈரக்காற்று:

பெரியவர் பட்டியலுக்கு வருவதற்குள் ஈரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கடல் தண்ணீர் உள்ளே வந்து சாமான் கெடுவது அபூர்வம். பெரும்பாலும் கெடுப்பது கன்டெய்னருக்குள்ளேயே இருக்கும் ஈரம். பகலில் சூடாகும்போது மரம், அட்டை, துணி எல்லாம் ஈரத்தை வெளியே விடும், இரவில் கூரைத் தகடு குளிர்ந்ததும் அது துளியாகித் திரும்பச் சாமான் மேலேயே சொட்டும். இந்தத் தொழிலில் அதைக் "கன்டெய்னர் மழை" என்றே சொல்வார்கள். முழு கன்டெய்னர் எடுப்பவர்கள் கால்சியம் குளோரைடு பைகளை உள்ளே தொங்கவிடலாம். உங்களுக்கு அது முகவர் கையில்தான், போடுவார்களா என்று கேட்டு வையுங்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பைகளை நீங்களே போடலாம்.

அதைவிட முக்கியம், ஈரத்தோடு எதையும் மூடாமல் இருப்பது. வாஷிங் மெஷினில் கடைசியாகத் துவைத்து முடித்து, தண்ணீர்க் குழாயையும் வடிகுழாயையும் கழற்றி வடித்து, கதவைத் திறந்து வைத்து ஓரிரு நாள் காயவிடுங்கள். முன்பக்கம் திறக்கும் மெஷின் என்றால் பின்னால் மாட்டும் டிரான்சிட் போல்ட் நான்கு (சிலதில் மூன்று) வாங்கும்போதே கொடுத்திருப்பார்கள். தேடி எடுத்து மாட்டுங்கள், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் டிரம் வழியெல்லாம் ஆடி சஸ்பென்ஷன் போய்விடும். தொலைந்திருந்தால் மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்டால் தனியாகக் கிடைக்கும்.

தையல் மெஷினுக்கு ஊசியைக் கழற்றிவிட்டு, துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டுக்கு அடியில் ஒரு துணித் துண்டு வைத்து இறக்கிவிடுங்கள். துருப்பிடிக்கக்கூடிய இரும்புப் பாகங்களில் லேசாக எண்ணெய் தடவுங்கள். துணிமணியைப் பிளாஸ்டிக்கில் இறுக்கிக் கட்டுவது முழுக்கக் காய்ந்திருந்தால் மட்டுமே நல்லது. லேசான ஈரம் இருந்தாலும் உள்ளேயே பூஞ்சை வளர்க்கிறோம்.

பழைய கிடங்கு:

பட்டியல். முகவரின் மூன்று கட்டம் போதாது, நீங்களே ஒரு தாளில் விரிவாக எழுதி அதை இணையுங்கள். ஆங்கிலத்திலோ போகும் நாட்டு மொழியிலோ இருக்கட்டும். உங்கள் வசதிக்குப் பெட்டியின் ஓரத்தில் தமிழில் ஒரு சொல் கிறுக்கிக்கொள்ளலாம். தமிழ் தெரியாதவனுக்கு அது பூச்சி, உங்களுக்கு அடையாளம்.

பட்டியலில் என்னைக் கடுப்பேற்றும் சொல் "இதர சாமான்கள்". அந்தச் சொல் இருந்தால் சுங்க அதிகாரி அந்தப் பெட்டியைத்தான் முதலில் திறப்பார், நானாக இருந்தாலும் திறப்பேன். அதற்காகக் கரண்டி கரண்டியாக எண்ண வேண்டாம். "பயன்படுத்திய சமையல் பாத்திரங்கள், எவர்சில்வர், 14", "பயன்படுத்திய புத்தகங்கள், 40", "குழந்தை உடைகள், பயன்படுத்தியவை", இந்த அளவு போதும். மின்சாதனத்துக்கு மட்டும் கம்பெனி, மாடல், சீரியல் எண் எழுதுங்கள். போகும் நாட்டு மின்னழுத்தம் நம்முடையதுதானா என்றும் அப்போதே பாருங்கள். ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120. 230 வோல்ட் வாஷிங் மெஷினை அங்கே சுமந்துபோய் ஒரு பயனும் இல்லை.

"பயன்படுத்தியது" என்ற சொல்லுக்குச் சட்டத்தில் எடை உண்டு. குடிபெயர்பவர்களின் பழைய வீட்டுச் சாமானுக்குப் பல நாடுகள் வரிவிலக்கு தருகின்றன, ஆனால் எவ்வளவு காலம் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்காவில் குறைந்தது ஒரு வருடம், பிரிட்டனில் ஆறு மாதம். பயணத்துக்கென்று புதிதாக வாங்கிய குக்கரைப் பழைய பாத்திரங்களுக்கு நடுவே சொருகி "பழையது" என்று எழுதுவது புத்திசாலித்தனம் இல்லை. புதியவற்றைத் தனிப் பெட்டியில் போட்டு, தனியாக எழுதி, பில்லைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வரி போட்டால் அந்த ஒரு பெட்டிக்குத்தான் போடுவார்கள்.

மதிப்பு என்று நீங்கள் கேட்டதில் இரண்டு கணக்குகள் கலந்திருக்கின்றன. சுங்கத்துக்கு இன்றைய நிலையில் அந்தப் பழைய பொருளின் மதிப்பு. காப்பீட்டுக்கு, அதே பொருளைப் போகும் நாட்டில் திரும்ப வாங்க ஆகும் செலவு. இரண்டும் ஒன்றாக இருக்க முடியாது, எனவே இரண்டு பட்டியல். பெட்டி எண்கள் மட்டும் இரண்டிலும் ஒன்றாக இருக்கட்டும்.

மெஷினுக்கு மரச்சட்டம் அடிப்பார்கள் என்றால் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை (மரத்தில் பூச்சி இல்லாதபடி பதப்படுத்தியதற்கான சர்வதேச அடையாளம்) இருக்கிறதா பாருங்கள், கோதுமைக் கதிர் மாதிரிப் படமும் பக்கத்தில் எழுத்துகளும் இருக்கும். மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடுபடுத்தினார்கள் என்பதற்கு "ஹெச்டி" என்ற எழுத்து. முத்திரை இல்லாத பச்சை மரத்தைத் துறைமுகத்தில் நிறுத்தி வைப்பார்கள், செலவு உங்கள் தலையில். பிளைவுட்டுக்கு இந்த விதி இல்லை.

பெட்டியில் போகக் கூடாதவை: பவர் பேங்க், உதிரி லித்தியம் பேட்டரி, ஸ்ப்ரே டப்பா, நெயில் பாலிஷ், பெயின்ட், கேஸ், தீப்பெட்டி. விதை, செடி, உணவுப் பொருள் எதையும் வைக்காதீர்கள். நகை, சான்றிதழ், ஹார்ட் டிஸ்க் கையோடு. அந்தப் பட்டியலின் நகலும் கையோடு! பட்டியலையே பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டு, எந்தப் பெட்டியில் என்று அதே பட்டியலைத் தேடுகிறவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம்.

கணக்குப்பிள்ளை:

காப்பீடு என்று வந்ததால் ஒரு வார்த்தை. நீங்களே கட்டும் பெட்டிகளின் எண்ணுக்கு எதிரே முகவரின் ஆள் "பிபிஓ" என்று குறிப்பார், உரிமையாளரே கட்டியது என்று அர்த்தம். அந்தப் பெட்டிகளுக்குள் உடைந்தால் பெரும்பாலான பாலிசிகள் தராது, பெட்டியே தொலைந்தால்தான் தரும். எனவே பீங்கானை அவர்களிடம் விட்டது சரியான முடிவு. மிச்சம் பிடிப்பதற்காக ஒரு தட்டைக்கூட உங்கள் துணிப் பெட்டியில் சொருக வேண்டாம். ஆறு தட்டு செட்டில் ஒன்று உடைந்தால் ஒன்றுக்கு மட்டும் தருவார்களா, முழு செட்டுக்குமா என்று ஒரு விதி பாலிசியில் இருக்கும், படித்துப் பாருங்கள். கீறலே இல்லாமல் வந்த மெஷின் ஓடவில்லை என்றால் அதற்கும் பல பாலிசிகளில் இடமில்லை. அதனால் கட்டுவதற்கு முன் அதை ஓடவிட்டு ஒரு வீடியோ எடுத்து வையுங்கள், கேட்டால் காட்டலாம்.

"எங்கள் சாமான் அற்ப விலை, காப்பீடு எதற்கு" என்பவர்களுக்கு: 2021 மார்ச் 23 அன்று எவர் கிவன் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்காக மாட்டியது நினைவிருக்கும். அதற்குப் பிறகு கப்பல்காரர்கள் "ஜெனரல் ஆவரேஜ்" அறிவித்தார்கள். கப்பலை மீட்ட செலவில் சரக்கு வைத்திருந்த ஒவ்வொருவரும் மதிப்புக்கேற்ற பங்கைத் தர வேண்டும் என்ற பழைய கடல் வழக்கம் அது. உத்தரவாதம் தராமல் சரக்கை எடுக்க முடியாது. காப்பீடு இருந்தால் அந்த உத்தரவாதத்தைக் கம்பெனி கொடுத்துவிடும். இல்லையென்றால் ஒரு கீறல்கூட இல்லாத உங்கள் புத்தகப் பெட்டிகளுக்கு நீங்களே பணம் கட்டி நிற்க வேண்டும்.

நூல்கண்டு:

எல்லாருக்கும் நன்றி. டிரான்சிட் போல்ட் கிடைத்துவிட்டது, மெஷின் வாங்கிய பெட்டியிலேயே மேனுவலோடு இருந்தது. பட்டியலை இரண்டாகப் பிரித்து எழுதத் தொடங்கிவிட்டேன்.

கிடங்கு ஐயா, இரண்டு சின்னக் கேள்விகள். அலமாரி ஸ்க்ரூக்களைப் பையில் போட்டு அந்தந்தப் பலகையிலேயே டேப் போட்டு ஒட்டிவிடலாம் என்கிறார் இவர். சரியா? இன்னொன்று, மகன் தன் விளையாட்டுச் சாமான் பெட்டி முதலில் வர வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். அதைக் கடைசியாக ஏற்றச் சொன்னால் முதலில் வருமா?

பச்சைக்குதிரை:

ஸ்க்ரூவைப் பலகையோடுதான் ஒட்ட வேண்டும். எங்கள் கட்டில் அப்படித்தான் போனது, மாட்டும்போது தேட வேண்டிய வேலையே இல்லை.

பழைய கிடங்கு:

பச்சைக்குதிரையுடன் இதில் ஒத்துப்போக மாட்டேன். சூட்டில் டேப்பின் பசை இளகும், பை நழுவி விழுந்தால் அது யாருடைய ஸ்க்ரூ என்று ஒருவனுக்கும் தெரியாது. போதாததற்கு பாலிஷையும் உரித்துக்கொண்டு வரும். ஒவ்வொரு பையின் மேலும் "அலமாரி, உருப்படி 21, 22" என்று எழுதி, எல்லாப் பைகளையும் ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவரோடு ஒரே சின்னப் பெட்டியில் போடுங்கள். அதற்கு எண் 1 கொடுத்துவிடுங்கள், மறக்காது. கழற்றும் முன் அலமாரியைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஏற்றினால் முதலில் வரும் என்பது உங்களுக்கென்று முழு கன்டெய்னர் எடுத்தால்தான். பங்குக் கன்டெய்னரில் உங்கள் சாமானை முதலில் கிடங்கில் இறக்கி, பிரித்து, அப்புறம்தான் வண்டியில் ஏற்றுவார்கள், வரிசை எல்லாம் கலைந்திருக்கும். மகனின் பெட்டி எண்ணை அவனிடமே எழுதிக் கொடுங்கள். வண்டி வந்ததும் அவனையே வாசலில் நிற்க வைத்து, இறங்கும் ஒவ்வொரு எண்ணையும் பட்டியலில் டிக் அடிக்கச் சொல்லுங்கள். எல்லாம் எண்ணி முடிக்கும் முன் ரசீதில் கையெழுத்துப் போடாதீர்கள். ஏதாவது குறைந்தாலோ நசுங்கியிருந்தாலோ அதை அந்த ரசீதிலேயே எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

சைக்கிள் டயரில் ஒட்டியிருக்கும் மண்ணைக் கழுவிக் காயவிடுங்கள், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்றால் மண் துளி இருந்தாலும் நிறுத்திவிடுவார்கள். அதற்கும் ஒரு எண் உண்டு. அட்டையில் எழுதி ஃபிரேமில் கம்பியால் கட்டுங்கள், ஹேண்டில்பாரில் வேண்டாம், இடம் அடைக்கிறது என்று அதைக் கழற்றித்தான் வைப்பார்கள்.